வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம்
(நமது குடியிருப்பின் மகளிர் தினக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

ஆண்களும் வந்திருப்பது மகிழ்ச்சி. இது வீட்டில் எல்லோரும் அறிய வேண்டிய விஷயம்.

கருப்பைவாய்ப் புற்றுநோய் ஒரே நாளில் வருவதில்லை. எச்.பி.வி. என்ற வைரஸ் தொற்று, நீங்காமல் தங்கினால், புற்றுநோயாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். அதுவரை வலி இருக்காது. "எனக்கு ஒன்றுமில்லையே" என்று நாம் தள்ளிப்போடுவது அந்தக் காலத்தில்தான். கண்டுபிடித்தால் எளிதாகச் சரிசெய்யக்கூடிய காலமும் அதுவே.

எப்படிக் கண்டுபிடிப்பது? கருப்பைவாயில் 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, நல்ல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். மாறுதலடைந்த செல்கள் ஒளியை உள்ளே விடாமல் திருப்பி அனுப்புவதால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். கால்போஸ்கோப் கருவி அதைப் பெரிதாக்கிக் காட்டும். பச்சை ஒளியில் ரத்தக்குழாய்களும் தெளிவாகத் தெரியும். கையடக்கக் கருவியில் படமெடுத்து, வேறு ஊரிலுள்ள நிபுணரிடம் காட்டவும் முடிகிறது.

வெள்ளைத் திட்டு என்றாலே புற்றுநோய் அல்ல. தேவைப்பட்டால் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள்.

இதன் பலன் நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே நிரூபணமானது. அங்கு 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2007இல் லான்செட் இதழில் வெளியானது. கண்ணால் பார்க்கும் இந்த எளிய பரிசோதனையை அளித்த ஊர்களில் இந்நோயால் ஏற்படும் மரணம் 35 சதவீதம் குறைந்திருந்தது.

மாதவிடாய் நின்றவர்களுக்கு மாறுதல் நிகழும் பகுதி உள்ளே போய்விடுவதால், பார்த்து மட்டும் சொல்வது கடினம். அவர்கள் எச்.பி.வி. பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். தடுப்பூசி போட்டவர்களுக்கும் பரிசோதனை தேவை. உறவுக்குப் பின்னரோ மாதவிடாய் நின்ற பின்னரோ ரத்தம் பட்டால், முகாமுக்குக் காத்திராமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

கூச்சம் இருக்கும். பெண் மருத்துவர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். சில நிமிட வேலைதான்.

கடைசியாக ஒன்று. நம் வீடுகளில் வேலை செய்யும் அக்காக்களுக்கு அரைநாள் விடுப்பு என்றால் சம்பளப் பிடித்தம் என்ற பயம். சம்பளத்தைப் பிடிக்காமல் அந்த அரைநாளைக் கொடுங்கள். நீங்கள் போகும்போது அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள்.