மேம்பாலத்தில் கார், தரைத்தளத்தில் அம்மா

(தலைப்பு: மாநகரில் சொந்தக் கார் – சுகமா? சுமையா? ‘சுமையே!’ என்ற அணியில் பேசியது)



எதிரணித் தலைவி ‘கார் ஒரு கௌரவம்’னு சொன்னாங்க. ஐயா, கார் வாங்கின அன்னைக்கு எலுமிச்சம்பழத்தை நசுக்கினோம். அன்னையிலிருந்து மாசா மாசம் தவணை எங்களை நசுக்குது! (சிரிப்பு) பெட்ரோல் 2021-லேயே சென்னையில் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியாச்சு. இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர்... ஒரு பிள்ளையை வளர்க்கிற செலவு. பிள்ளையாவது வளர வளர மதிப்பு கூடும். கார் ஷோரூம் வாசலைத் தாண்டினதும் மதிப்பு இறங்கும்!

தீபாவளிக்குப் புடவை எடுக்கத் தி.நகர் போனோம். நிறுத்த இடமில்லை. மனைவி சொன்னாங்க, “நீங்க சுத்திக்கிட்டே இருங்க, நான் வாங்கிட்டு வந்துடறேன்.” கல்யாணத்தன்னைக்கு அக்னியை மூணு சுத்துதான் சுத்தினேன். அன்னைக்குத் தி.நகரை எத்தனை சுத்துன்னு எனக்கே தெரியாது! (சிரிப்பு, கைதட்டல்)

‘ராத்திரி நெஞ்சு வலின்னா கார் வேணாமா?’ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. அதுக்குத்தான் 2008-லிருந்து 108 ஆம்புலன்ஸ் ஓடுது. ஆனா அந்த வண்டியை வழிமறிக்கிறது யாரு? அஞ்சு பேர் உட்காரும் காரில் ஒத்தை ஆளாகப் போகிற நான்தான்! பின்னால் சைரன் அலறுது. எனக்கு இடப்பக்கம் கார், வலப்பக்கம் கார். ஒதுங்க மனசு இருக்கு, இடம் இல்லை. உள்ளே படுத்திருப்பவர் யாரோ ஒருவருடைய அப்பா, ஐயா.

கடைசியாக ஒன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். பள்ளிக்கரணையில் கார்கள் காகிதக் கப்பல் மாதிரி மிதந்து போனதை டி.வி.யில் பார்த்தோம். எஞ்சினுக்குள் தண்ணி ஏறிட்டா, அதுக்குன்னு தனியாகக் காப்பீடு எடுக்காதவங்க கைக்காசைத்தான் கொட்டணும். அந்தப் பயத்தில், 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக் காரை நிறுத்தினாங்களே, அதில் ஒண்ணு என்னோடது. நல்ல இடம் பிடிச்சிட்டேன்கிற பெருமையோடு, நனைஞ்சுகிட்டே நடந்து வீட்டுக்கு வந்தேன்.

எங்க வீடு தரைத்தளம். வாசலில் எழுபத்தஞ்சு வயசு அம்மா நிற்கிறாங்க. கையில் மாத்திரைப் பை, ரேஷன் கார்டு. முழங்கால் வலி, தனியாப் படி ஏற முடியாது. என்னைப் பார்த்துக் கேட்டாங்க:

“காரை மேலே ஏத்திட்டியாப்பா? என்னை எப்போப்பா மாடிக்கு ஏத்துவே?”

(அரங்கத்தில் அமைதி)

நடுவர் அவர்களே, அன்னைக்குப் பயந்த அளவு வெள்ளம் வரலை. தேங்கின தண்ணியும் வடிஞ்சுடுச்சு. அந்தக் கேள்வி மட்டும் இன்னும் என் நெஞ்சை விட்டு வடியவில்லை. கார் என்னைச் சுமக்கும்னு நினைச்சு வாங்கினேன். தவணையாக, கவலையாக, காவலாக அதைச் சுமக்கிறது நான். அதைச் சுமந்த அவசரத்தில், என்னைப் பத்து மாதம் சுமந்தவளை மறந்துட்டேன்.

அதனால், மாநகரில் சொந்தக் கார் சுமையே, சுமையே எனத் தீர்ப்பு வழங்குங்கள் என்று கேட்டு அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)