34 வயதில் பத்தாம் வகுப்பு
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)

எனக்கு மைக் பிடிச்சுப் பேசிப் பழக்கமில்லை. தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். கல்யாணம், ரெண்டு பிள்ளைங்க, மாடு, வயல் என்று வருஷம் ஓடிப்போச்சு. ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஒரு இடத்தில் கணக்கு எழுத ஆள் கேட்டாங்க. எங்க குழு கணக்கை எட்டு வருஷமா நான்தான் எழுதறேன். ஆனா பத்தாம் வகுப்பு தேர்ச்சி இல்லைன்னு என் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. தனித்தேர்வராக எழுதுவதுன்னு அப்பதான் முடிவு பண்ணினேன்.

முதல் தடவை நாலு பாடத்தில் தேறிட்டேன். கணக்கில் 27 மார்க். 35 வேணும். "இந்த வயசுல இவளுக்கு எதுக்கு இது?" என்று தெருவில் பேசினது என் காதுலயும் விழுந்தது. ரெண்டு நாள் அழுதேன். அப்புறம்தான் எங்கே தப்பு பண்ணினேன்னு யோசிச்சேன்.

முதல் தப்பு, வேலை எல்லாம் முடிஞ்ச பிறகு படிக்கலாம்னு இருந்தது. வீட்டு வேலை எப்பங்க முடியும்? ராத்திரி பத்து மணிக்குப் புத்தகத்தை எடுத்தா கண்ணு சொருகும். நம்ம சேமிப்பை நினைச்சுப் பாருங்க. செலவு போக மிச்சம் இருந்தா கட்டலாம்னு இருந்திருந்தா நாம யாராவது கட்டியிருப்போமா? முதலில் சேமிப்பை எடுத்து வைக்கிறோம், மிச்சத்தில் குடும்பம் நடத்துறோம். படிப்புக்கும் அதையே செய்தேன். காலையில் சொசைட்டிக்குப் பால் ஊத்திட்டு வந்ததும் அரை மணி நேரம் படிப்பு. அதுக்கு அப்புறம்தான் அடுப்பு. வீட்டுக்காரர் முதல் வாரம் முணுமுணுத்தார். ரெண்டாவது வாரம் டீயை அவரே போட்டுக்கிட்டார்.

ரெண்டாவது தப்பு, கணக்கை வாசிச்சது. எட்டாவது படிக்கிற என் பொண்ணு சொன்னா, "அம்மா, விடையை மூடி வச்சுட்டுப் போடு". மூடினேன். ரெண்டாவது வரியிலேயே நின்னுட்டேன். புத்தகத்தைப் பார்த்தா எல்லாம் தெரிஞ்ச மாதிரித்தான் இருக்கும். மூடினாத்தான் நம்மகிட்ட என்ன இருக்குன்னு தெரியும். அதுக்கப்புறம் போட்டுப் பார்க்காம எந்தக் கணக்கையும் விடல. தப்பானதை சிவப்புப் பேனாவில் குறிச்சு மறுநாள் போடுவேன். ஒரு வாரம் கழிச்சு அதையே மறுபடியும் போடுவேன்.

மூணாவது, எதை முதல்ல படிக்கிறதுன்னு தெரியாம எல்லாத்தையும் தொட்டது. பழைய வினாத்தாளை எடுத்து எண்ணிப் பார்த்தேன். வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8, ஒரு மார்க் கேள்வி 14. மொத்தம் 30. இன்னும் ஒரு 5 மார்க் கணக்கு சரியா போட்டா பாஸ். வரைபடத்தைக் கண்டு பயந்தவள் நான். புள்ளி வச்சு இழுக்கறது வாசல்ல கோலம் போடுற நமக்குப் புதுசா என்ன? ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடிகாரத்தை வச்சுக்கிட்டு மூணு மணி நேரம் ஒரு தாள் முழுக்க எழுதிப் பார்ப்பேன். கை வலி அப்பதான் பழகுச்சு.

துணைத்தேர்வுக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. அந்தக் கொஞ்ச நாளும் இப்படியே படிச்சேன். 46 மார்க் வந்தது.

அந்த வேலைக்கு வேற ஆள் வந்தாச்சு. அந்த வருத்தம் இன்னும் இருக்கு. ஆனா இனிமே என் விண்ணப்பத்தை அந்தக் காரணம் சொல்லி யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது.

இப்ப எங்க குழுவில் இன்னும் ரெண்டு பேர் பரீட்சைக்குப் படிக்கிறாங்க. குழுக் கூட்டம் முடிஞ்சதும் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்றோம். பாதியில் படிப்பை விட்ட அக்கா, தங்கச்சிங்க இங்கேயும் நிறைய பேர் இருப்பீங்க. இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் பெட்டிக்குள்ள கிடக்கிற உங்க மாற்றுச் சான்றிதழைத் தேடி வெளியே எடுத்து வையுங்க. விண்ணப்பிக்க அது வேணும். மத்ததை நாளைக்குக் காலையில் அரை மணி நேரத்தில் ஆரம்பிக்கலாம்.