தம் அடிக்கும் ஐந்து நிமிடம் யாருடையது?

(அம்பத்தூரில் இளைஞர்களின் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சாதி ஒழிப்புப் பேசுகிற இடத்தில் சிகரெட்டைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். புகைப்பழக்கம் பற்றி இதுவரை நம் காதில் விழுந்ததெல்லாம் தியேட்டரில் படத்துக்கு முன் வரும் விளம்பரமும், பெரியவர்களின் ஒழுக்கப் பாடமும்தான். இரண்டுமே ஒரு தனி மனிதனைப் பார்த்து ‘நீ திருந்து’ என்கின்றன. சேரிப் பையன் என்றால் அந்தப் பாடம் இன்னும் கொஞ்சம் உரக்க வரும். நான் அதை எடுக்க வரவில்லை. ஆனால் ‘அது அவனவன் இஷ்டம்’ என்று விட்டுவிடவும் முடியவில்லை. சாவது நம் ஆட்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2016-17இல் எடுக்கப்பட்ட உலகளாவிய வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்திய ஆண்களில் 19 விழுக்காட்டினர் புகைக்கிறார்கள். பெண்களில் 2 விழுக்காட்டினர். மெல்லும் புகையிலையையும் சேர்த்தால் ஆண்களில் 42 விழுக்காட்டினர். சிகரெட் பிடிப்பவர்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்குப் பேர் பீடி பிடிக்கிறார்கள். தேசியக் குடும்ப நல ஆய்வுகளைப் புரட்டினால், படிப்பும் வருமானமும் குறையக் குறையப் புகையிலைப் பழக்கம் கூடுவது தெரியும். பட்டியல் சாதி, பழங்குடி ஆண்களிடம் அது மற்றவர்களைவிட அதிகம். வெறும் இஷ்டம் என்றால் அது ஏன் இப்படிச் சாதி வாரியாக அடுக்கி நிற்கிறது?

அடுத்தது, நம் ஊரிலேயே நடந்த ஓர் ஆய்வு. சென்னையைச் சேர்ந்த மருத்துவர் கஜலட்சுமியும் குழுவினரும் செய்தது. 2003இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. சென்னையிலும் விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தை விசாரித்து, உயிரோடு இருந்த 35,000 ஆண்களோடு ஒப்பிட்டார்கள். புகைக்காதவரைவிடப் புகைப்பவர் காசநோயால் இறக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல் என்று தெரியவந்தது. இந்திய ஆண்களின் காசநோய்ச் சாவுகளில் பாதிக்குப் புகைப்பழக்கம் காரணம் என்றார்கள்.

புகை என்றால் புற்றுநோய் என்றுதான் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். நம் தெருக்களில் அது காசநோயாகவும் வருகிறது. ஜன்னல் இல்லாத அறையில் ஆறு பேர் படுக்கிறார்கள். பகலெல்லாம் கிரைண்டிங், பாலிஷிங் தூசு. அதன் மேல் பீடி. மூன்றும் ஒரே நுரையீரலுக்குள் போகின்றன. இங்கே பக்கத்தில் ஆயப்பாக்கத்தில்தான் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது. அதோடு சேர்ந்து தமிழ்நாடு அரசு 2022இல் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ தொடங்கியது. நிலைமை மோசமாக இருக்கும் நோயாளியைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்து மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். நல்ல திட்டம், வரவேற்போம். ஆனால் குணமாகி வருகிறவர் திரும்பிப் போவது அதே அறைக்கும் அதே ஷிப்டுக்கும்தானே?

சரி, ஏன் பிடிக்கிறான்? நான் எஸ்டேட்டில் எட்டு ஆண்டு மெஷின் ஓட்டியவன். பார்த்ததைச் சொல்கிறேன். ‘கால் வலிக்குது, அஞ்சு நிமிஷம் உக்கார்றேன்’ என்றால் சூப்பர்வைசர் முறைப்பார். ‘ஒரு தம் போட்டுட்டு வந்துடறேண்ணா’ என்றால் விட்டுவிடுவார். காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு சிகரெட்தான் கேட் பாஸ். 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக்கூடாது, இடையில் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. அந்த ஓய்வைச் சட்டப்படி கேட்டு வாங்க முடியாதவன், பத்து ரூபாயோ இருபது ரூபாயோ கொடுத்துத் துண்டு துண்டாக வாங்கிக்கொள்கிறான். பக்கத்து மெஷினில் நிற்கும் அக்கா தம் அடிப்பதில்லை. அவருக்கு அந்த ஐந்து நிமிடமும் கிடையாது.

இன்னொரு காரணமும் உண்டு. ஊரில் ஆதிக்க சாதிக்காரர் முன்னால் செருப்புப் போட்டு நடந்தால் திமிர், வேட்டியை மடித்துக் கட்டினால் திமிர், பீடி பற்றவைத்தால் அடி. அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஆவடிக்கோ பூந்தமல்லிக்கோ வந்து சேர்ந்த பையன், டீக்கடையில் தொங்குகிற லைட்டரில் யாருக்கும் பயப்படாமல் பற்றவைக்கிறான். அந்த நிமிர்வை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அதற்கு அவன் கொடுக்கிற விலையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பீடி பிடிக்கும் ஆண் சராசரியாக 6 ஆண்டுகளையும், சிகரெட் பிடிக்கும் ஆண் 10 ஆண்டுகளையும் இழக்கிறார்கள் என்று 2008இல் வெளிவந்த இந்திய ஆய்வு சொன்னது. சாதி நம் ஆட்களின் ஆயுளைக் குறைத்தது போதாதா?

லாபம் யாருக்கு? ஐடிசி நிறுவனப் பங்குகளில் சுமார் 15 விழுக்காடு பொதுத்துறை எல்ஐசியிடம் இருக்கிறது. நம் அம்மாக்கள் கட்டும் பாலிசிப் பணமும் அதில் உண்டு. பெட்டியில் எச்சரிக்கைப் படம் போடச் சொல்லும் அரசின் நிறுவனமே லாபத்திலும் பங்கு வாங்குகிறது.

பீடியைத் திருநெல்வேலி, தென்காசி, வேலூர் பக்கத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சுற்றுபவர்கள் பெரும்பாலும் ஏழைப் பெண்கள். அவர்களின் நலநிதிக்காக 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி வசூலித்துவந்த தீர்வை, 2017இல் ஜிஎஸ்டியோடு போய்விட்டது. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மன்றம் பீடிக்கான வரியை 28 விழுக்காட்டிலிருந்து 18ஆகக் குறைக்க முடிவெடுத்தது. பீடி விலை குறைந்தால் சுற்றும் பெண்ணின் கூலி தானாக ஏறிவிடாது. ஏழை ஆணின் நுரையீரலையும் ஏழைப் பெண்ணின் கூலியையும் எதிரெதிரே நிறுத்துகிற இந்த ஆட்டத்தில் நாம் ஒரு பக்கம் சாயக் கூடாது. இரண்டு பேரும் நம்மவர்கள்.

ஆகவே என்ன செய்யலாம்?

ஒன்று, தம் அடிப்பவர், அடிக்காதவர், ஆண், பெண் எல்லோருக்கும் உட்கார இடத்தோடு ஓய்வு நேரம் கேட்போம். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்ததால் மே நாளன்று திரும்பப் பெறப்பட்டது. கேட்டால் கிடைக்கும் என்பதற்கு அதுவே சான்று.

இரண்டு, 2016 முதல் பெட்டியின் 85 விழுக்காட்டுப் பரப்பில் எச்சரிக்கை இருக்க வேண்டும். பழக்கத்தை விட உதவும் இலவசத் தொலைபேசி எண்ணும் 2018இலிருந்து அதில் இருக்கிறது. ஆனால் நம் ஆட்கள் ஒத்தையாக வாங்குகிறார்கள், பெட்டியையே பார்ப்பதில்லை. அந்த எண் 1800-11-2356. அதை ஒவ்வொரு டீக்கடையிலும் ஒட்டுவோம். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஷிப்ட் முடிந்த பிறகும் ஆலோசனையும் மருந்தும் கிடைக்க வேண்டும் என்று கேட்போம்.

மூன்று, பீடித் தொழிலாளர் நலநிதிக்கும் மாற்று வேலைக்கும் புகையிலை வரியிலிருந்தே பணம் ஒதுக்கச் சொல்வோம்.

உங்களோடு தங்கியிருக்கும் நண்பன் அடுத்த முறை பற்றவைக்கும்போது பாடம் எடுக்காதீர்கள். இன்றைக்கு எத்தனை மணி நேரம் நின்றான் என்று கேளுங்கள். பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.

ஜெய்பீம்.