வெண்கட்டி விளங்காதவர் கையில் இருக்கட்டும்

(தோட்டத்துச் சமூக மண்டபத்தில் நடந்த கல்விக் கூட்டத்தில், உயர்தர விஞ்ஞானப் பிரிவில் ஒன்றாகப் படித்த பழைய மாணவர்கள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை.)



எங்களைப் பேசக் கூப்பிட்ட நலன்புரி நிதியத்தாருக்கு முதலில் நன்றி. நாங்கள் ஐந்து பேர். இதே மலையில், இதே லயங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். எங்களில் மூன்று பேர் இன்று பல்கலைக்கழகத்தில் படிக்கிறோம். ஒருவர் கல்வியியற் கல்லூரியில் இருக்கிறார். ஒருவருக்குப் பரீட்சை கைகொடுக்கவில்லை. அவரைப் பற்றியும் கடைசியில் சொல்வோம். அவரும் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். அவருடைய சம்மதத்தோடுதான் சொல்கிறோம்.

இன்றைக்கு நாங்கள் பேச வந்தது இரசாயனவியலை எப்படி ஒருத்தரோடு ஒருத்தர் சேர்ந்து படித்தோம் என்பதைப் பற்றி. "கெமிஸ்ட்ரியா, அது டியூசன் இல்லாம ஏலாது" என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் எங்கள் காலம் எங்களுக்கு வேறு வழி வைக்கவில்லை. 2020, 2021 என்று கொரோனாவில் பாடசாலை மூடிக் கிடந்தது. போனுக்கு சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறினோம். 2022இல் டீசல் இல்லை, பஸ் இல்லை. அந்த வருஷம் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். டவுனுக்கு வகுப்புக்குப் போவது எப்படி? ஐந்து பேரும் பிள்ளைக்காம்பிராவில் ஒரு மெழுகுதிரியைச் சுற்றி உட்கார்ந்தோம்.

உட்கார்ந்தால் மட்டும் போதுமா? போதாது. முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம்.

இரசாயனவியலில் முதல் மேடு 'மூல்' என்ற பாடம். அது விளங்காவிட்டால் பின்னால் வரும் கணக்கு ஒன்றும் விளங்காது. ஐதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து தண்ணீர் ஆகும் சமன்பாட்டைப் பார்த்திருப்பீர்கள். ஐதரசன் இரண்டு, ஒட்சிசன் ஒன்று; வருவது தண்ணீர் இரண்டு. எங்களில் ஒருவன் அதைப் பார்த்துக் கேட்டான்: "ரெண்டு கிராமும் ஒரு கிராமும் போட்டா மூணு கிராம். தண்ணி ரெண்டு கிராம்தான் வருதுன்னா, மிச்சம் ஒரு கிராம் எங்க போச்சு?"

நாங்கள் நாலு பேரும் சிரித்தோம். "இதுகூடத் தெரியாதா, சமன்பாட்டைப் பாடமாக்கு" என்றோம். அடுத்த நாள் அவன் வரவில்லை. இரண்டு வாரம் வரவில்லை. விசாரித்தால், அவன் அப்பா கொழுந்து லொறியில் கூடப் போகிறவர், "படிப்பு ஏறலன்னா கொழும்புக் கடைக்கு அனுப்பிடுறேன்" என்று ஆளும் பார்த்து வைத்துவிட்டாராம்.

அன்று இரவு நாலு பேரும் அவனுடைய கேள்விக்குப் பதில் எழுதிப் பார்த்தோம். உண்மையைச் சொன்னால் ஒருவருக்கும் சரியாக வரவில்லை. பாடமாக்கியிருந்தோம்; விளங்கிக்கொள்ளவில்லை. சிரித்தவர்களும் அவனும் ஒரே இடத்தில்தான் நின்றிருக்கிறோம். அவனுக்குக் கேட்கத் தைரியம் இருந்தது, எங்களுக்கு இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போனோம். "மன்னிச்சிக்கடா, எங்களுக்கும் வெளங்கல" என்றோம். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு வாசலில் நின்ற லொறியைக் காட்டிச் சொன்னான்: "நாலு சக்கரம், ஒரு பொடி. சேர்ந்தா ஒரு லொறி. அஞ்சு சாமான் ஒண்ணாச்சு. ஆனா பாரம் கொறையலையே!"

அதுதான் விடை. சமன்பாட்டில் உள்ள இரண்டு, ஒன்று என்பவை எண்ணிக்கை, கிராம் இல்லை. ஐதரசன் இரண்டு மூல் 4 கிராம். ஒட்சிசன் ஒரு மூல் 32 கிராம். வரும் தண்ணீர் இரண்டு மூல் 36 கிராம். ஒரு கிராமும் காணாமல் போகவில்லை. அன்றிலிருந்து எங்கள் ஐந்து பேருக்கும் மூல் பாடத்துக்கு அவன்தான் வாத்தியார்.

அம்மாமாரே, மூல் என்பது உங்களுக்குத் தெரியாத சங்கதி இல்லை. நீங்கள் பறிக்கும் கொழுந்தை யாராவது இலை இலையாக எண்ணுகிறார்களா? தராசில் போட்டுத்தான் பார்க்கிறார்கள். பாரத்தை வைத்துத்தான் உங்களுக்குப் பேர் விழுகிறது. அணுவையும் எண்ண ஏலாது; அவ்வளவு சின்னது. அதனால் நிறுத்து எண்ணுகிறார்கள். காபன் 12 கிராம் நிறுத்தால் அதில் ஒரு மூல் அணு. தண்ணீர் 18 கிராம் நிறுத்தால் ஒரு மூல் மூலக்கூறு.

இன்னொரு கணக்கும் மலையிலிருந்தே எடுத்தோம். யூரியாப் பையில் நைதரசன் 46 சதவீதம் என்று போட்டிருக்கும். அந்த 46 எங்கிருந்து வந்தது? யூரியாவில் காபன் ஒன்று 12, ஒட்சிசன் ஒன்று 16, நைதரசன் இரண்டு 28, ஐதரசன் நாலு 4. கூட்டினால் 60. அறுபதில் 28 நைதரசன் என்றால் நூற்றுக்கு ஏறக்குறைய 46.7. பையில் உள்ள எண் நாங்கள் போட்ட கணக்கோடு பொருந்தியபோது வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது! 50 கிலோ பை ஒன்றில் 23 கிலோ நைதரசன். 2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது அந்தப் பைகள் மலைக்கு வரவில்லை. கொழுந்து ஏன் குறைந்தது என்று வீட்டில் அம்மாவுக்கு விளக்கிச் சொன்னோம். பாடத்தை நாங்கள் உண்மையாகப் படித்தது அன்றைக்குத்தான்.

அமிலம், காரம் பாடத்துக்குப் பிளேன்டீயே போதும். எலுமிச்சைச் சாறு விட்டால் சாயம் வெளுக்கும். அப்பச்சோடா போட்டால் கறுக்கும். காட்டி என்று புத்தகம் சொல்வதும் இப்படி நிறம் மாறும் பொருளைத்தான். ஆனால் தம்பிமாரே, ஆய்வுகூடத்து அமிலத்தை மட்டும் போத்தலில் போட்டு லயத்துக்குக் கொண்டு வந்துவிடாதீர்கள். அதற்கு ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

லொறிக் கதைக்குப் பிறகு நாங்கள் சில ஒழுங்குகள் வைத்துக்கொண்டோம். எழுதிக்கொள்கிறவர்கள் எழுதிக்கொள்ளலாம்.

முதலாவது, வெண்கட்டி விளங்காதவர் கையில் இருக்க வேண்டும். விளங்கினவர் பலகைக்குப் போனால் மற்றவர் பார்த்து எழுதுவார். வீட்டுக்குப் போனதும் மறந்துவிடும்.

இரண்டாவது, விடையைச் சொல்லிவிடக் கூடாது. "ஏன் இப்பிடிப் போட்ட?", "அலகு என்ன?" என்று கேள்விதான் கேட்க வேண்டும்.

மூன்றாவது, யாருக்கும் தெரியாத கேள்விக்கு ஒரு தனிக் கொப்பி. வாரக் கடைசியில் அதை ஆசிரியரிடம் கொண்டுபோக வேண்டும். ஐந்து பேரும் சேர்ந்து பிழையை உறுதியாக நம்பின நாளும் உண்டு. கூடிப் படிப்பது ஆசிரியருக்குப் பதில் ஆகாது.

நாலாவது, கடந்தகால வினாத்தாளைத் தனித்தனியாக, நேரம் வைத்துச் செய்துவிட்டுத்தான் கூட வேண்டும். பரீட்சை மண்டபத்தில் கூட்டாளி பக்கத்தில் இருக்க மாட்டான்.

ஐந்தாவது, யாரும் சிரிக்கக் கூடாது.

இது எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தோம். பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான், அமெரிக்காவில் நியூயோர்க் சிட்டி கல்லூரியில் 1990களில் முதலாம் வருஷ இரசாயனவியலுக்கு இப்படி ஒரு முறை கொண்டு வந்ததை வாசித்தோம். ஆறு, எட்டு மாணவர் சேர்ந்த சின்னக் குழு. அந்தப் பாடத்தை முந்தி நன்றாகச் செய்த ஒரு மாணவர் கூட இருப்பார். அவர் விடை சொல்ல மாட்டார், பேச வைப்பார். மெழுகுதிரியில் நாங்கள் தடவிக் கண்டதும் அதுதான்.

பல்கலைக்கழகத்தில் எங்களுக்கு மறுபடியும் அது உதவியது. அங்கே விரிவுரை ஆங்கிலத்தில். முதல் மாதம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலத்தான் இருந்தது. பக்கத்துக் கதிரையில் ஒரு சிங்கள நண்பன். அவனுக்கும் அதே கஷ்டம். எங்களுக்கு அவன் மொழி அரைகுறை, அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஒட்சிசனின் குறியீடு எல்லோருக்கும் ஒன்றுதான். அவன் ஒரு வரி எழுத, நாங்கள் ஒரு வரி எழுத, அப்படியே படித்தோம்.

இப்போது அந்த ஐந்தாவது ஆளைப் பற்றி. 2022 கடைசியில் அவருடைய அம்மா நோயில் விழுந்தார். தம்பிமாருக்குச் சமைக்க வேண்டும், தண்ணீர் எடுக்க வேண்டும். படிக்க வருவது நின்றது. லொறிக்காரன் வராதபோது அவன் வீட்டுக்குப் போன நாங்கள், இவருடைய வீட்டுக் கதவைத் தட்டவில்லை. பரீட்சை கிட்ட வந்துவிட்டது, எங்கள் பயம் எங்களுக்கு. 2023 ஜனவரியில் பரீட்சை தொடங்கியது; இரசாயனவியலில்தான் அவர் தவறினார். நாலு வீடு தள்ளித்தான் அவர் வீடு. வாரத்தில் இரண்டு நாள் நாங்கள் அங்கே போய் உட்கார்ந்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? இந்தக் கேள்வி அந்தத் தனிக் கொப்பியில் இன்னும் அப்படியே இருக்கிறது.

ஆகவே பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். பின்னேரம் ஒரு அறை, ஒரு பல்ப் கொடுங்கள். பொம்பளைப் பிள்ளைகளை இருட்டில் கூட்டிப் போக முறை வைத்து ஒருவர் வாருங்கள். தம்பி தங்கைமாரே, உங்களிடமும் ஒன்று. வராதவர் வீட்டுக்கு அன்றைக்கே போங்கள். வெண்கட்டியையும் கையோடு கொண்டு போங்கள்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு இதே மண்டபத்தில் மூல் பாடம் தொடங்குகிறோம். சொல்லித் தரப்போவது லொறிக்காரனும், எங்கள் ஐந்தாவது ஆளும். எல்லோரும் வாருங்கள்.