பேர் நம்மளோடது இல்ல: ஒரு க்ளீன் செஷன் கதை

ஒரு புரோட்டோகாலுக்கு லைப்ரரி எழுதும்போது, ஸ்பெசிஃபிகேஷன்ல இருக்கிற பெயர்களை நம்ம வசதிக்கு வச்சுக்கலாமா? வேண்டாம்னு நான் சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்கு.

எம்க்யூடிடி தெரியும்ல? சென்சார் மாதிரி சின்னச் சாதனங்கள் புரோக்கர் வழியா செய்தி அனுப்புற புரோட்டோகால். 2014-ல் ஓயாசிஸ் தரமாக வந்த 3.1.1 பதிப்பில் 'க்ளீன் செஷன்' என்று ஒரு ஃபிளாக் உண்டு. அதை 0 என்று வைத்தால், நாம ஆஃப்லைன்ல இருந்தாலும் புரோக்கர் நம்ம செஷனை வச்சிருக்கும். இடையில வந்த க்யூஓஎஸ் 1 செய்திகளை, திரும்ப கனெக்ட் ஆனதும் கொடுக்கும்.

2019-ல் 5.0 வந்தப்போ இதை இரண்டாகப் பிரித்தார்கள். பழைய செஷனைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா ஆரம்பிக்கணுமான்னு சொல்றது 'க்ளீன் ஸ்டார்ட்'. கனெக்‌ஷன் போன பிறகு செஷன் எத்தனை விநாடி இருக்கணும்னு சொல்றது 'செஷன் எக்ஸ்பைரி இன்டர்வல்'. இரண்டாவதைக் கொடுக்கலைன்னா அது 0. கனெக்‌ஷன் போனா செஷனும் போச்சு.

நான் எழுதின லைப்ரரியில 5.0-க்கும் 'க்ளீன்_செஷன்' என்ற பெயரையே விட்டுட்டேன். பாக்கெட்ல அதே பிட்தானே, எல்லாருக்கும் பழகின பேர்தானேன்னு நினைச்சேன். ஒருத்தர் எழுதினார்: "ஃபால்ஸ்னுதான் வச்சிருக்கேன். ராத்திரி நெட் போயிட்டு வந்தா, இடையில வந்த ரீடிங் ஒண்ணுமே இல்ல." அவர் 5.0 ஸ்பெக்கைத் திறந்து பார்த்திருக்கார். அந்தப் பேர்ல அங்க ஃபிளாகே இல்ல. இரண்டு நாளா தன் கோடுலயே தப்பைத் தேடியிருக்கார். தப்பு நான் வச்ச பேர்ல இருந்தது.

பைத்தானுக்கான பாஹோ லைப்ரரி இதைச் சரியா செய்யுது. 5.0-ல் க்ளீன் செஷன் கொடுத்தா உடனே எரர். நானும் அப்படியே மாத்தினேன். பழைய கோடு உடையும்தான். ஆனா சத்தம் போட்டு உடையுறது, சத்தமில்லாம டேட்டா போறதைவிட மேல்.

ஸ்பெக்லயே பேர் மோசமா இருந்தா? எச்டிடிபி-யின் 'ரெஃபரர்' ஹெடர்ல ஒரு 'ஆர்' குறைவு. அந்த எழுத்துப்பிழையோடதான் இன்னைக்கும் எல்லா பிரவுசரும் அனுப்புது.

அதனால நான் வச்சிருக்கிற விதி இதுதான்: ஸ்நேக் கேஸா, கேமல் கேஸான்னு உங்க மொழி முடிவு பண்ணட்டும். வார்த்தையை ஸ்பெக் முடிவு பண்ணட்டும். உங்க லைப்ரரியில ஒரு பெயரைப் பார்க்கிறவர், அதை அப்படியே ஸ்பெக்ல தேடினா கிடைக்கணும்.