சுளகை இறக்கி வைக்கும் நேரம்

இன்று பட்டம் வாங்கும் இளம் இயன்முறை மருத்துவர்களே,

குற்றாலத்தின் சாரல் படும் இடத்தில் நின்று பேசுகிறேன். எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றால் தீராத வாதமும் தீரும் என்ற நம்பிக்கை ஊறிய மண் இது. கால் விறைத்த பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மசாஜ் செய்பவரிடம் போய் நிற்கும் பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன். தேய்த்துவிட்டால் பிள்ளைக்கு இதமாக இருக்கும், நன்றாகத் தூங்கும். ஆனால் தேய்த்துவிட்டதால் எந்தப் பிள்ளையும் நடக்கக் கற்றுக்கொண்டதில்லை. இதை அவர்களிடம் சொல்லும் முன் நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டும். நம் சிகிச்சை அறைகள் பலவற்றிலும் இதேதான் நடக்கிறது. பிள்ளை படுத்திருக்கும். நாம் காலை மடக்குவோம், நீட்டுவோம். அரை மணி நேரம் முடிந்ததும் அடுத்த டோக்கனைக் கூப்பிடுவோம். அத்தனை நேரமும் உழைத்தது நம் கை. பிள்ளையின் மூளைக்கு அங்கே வேலையே இல்லை.

பிள்ளை தானாக முயன்று செய்வதுதான் சிகிச்சை. உங்களிடம் நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

காலமும் நமக்கு அதிகம் இல்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் மூளை முடக்குவாதம் உள்ள 657 குழந்தைகளைப் பின்தொடர்ந்து பீட்டர் ரோசன்பாம் குழுவினர் 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பிள்ளை எட்டக்கூடிய உடலியக்கத் திறனில் பத்தில் ஒன்பது பங்கைக் கடுமையான பாதிப்புள்ளவர்கள் சராசரியாக 2.7 வயதிலும், லேசான பாதிப்புள்ளவர்கள் 4.8 வயதிலும் எட்டிவிடுகிறார்கள் என்றது அது. அதற்குப் பிறகு செய்வதற்கு எதுவுமில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். பள்ளி, நட்பு, விளையாட்டு, இடுப்பு மூட்டு நழுவாமல் காப்பது என்று வேலை நிறைய இருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் அந்த முதல் ஆண்டுகள் எப்படிப் போகின்றன? "இவன் தாத்தாவும் மூணு வயசுலதான் நடந்தாரு, தன்னால சரியாயிரும்" என்று ஆச்சி சொல்வாள். அவள் பாசத்தில்தான் சொல்கிறாள். அந்தப் பேச்சிலேயே இரண்டு வயது கடந்துவிடும்.

கடையநல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டைச் சொல்கிறேன். தாய் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. இரண்டரை வயது மகன் கத்தரிக்கோல் போலக் கால் பின்னிக்கொண்டு பாயில் கிடக்கிறான். ஆஸ்பத்திரியில் கொடுத்த பயிற்சித் தாள் சுவரில் தொங்குகிறது. பன்னிரண்டு படங்கள், ஒவ்வொன்றும் இருபது தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. அந்தத் தாயால் முடியுமா? கையை எடுத்தால் கூலி போகும். புகையிலைத் தூள் இருக்கும் இடத்தில் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைக்கவும் கூடாது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "ஏம்மா, நீங்க சுளகை எப்போ இறக்கி வைப்பீங்க?"

பிள்ளையைக் குளிப்பாட்டும்போது இறக்குவார், ஊட்டும்போதும் சட்டை மாட்டும்போதும் இறக்குவார். நம் சிகிச்சை அந்த நேரங்களுக்குள் நுழைய வேண்டும். குளிக்கும்போது பிள்ளையை ஒரு தாழ்ந்த பலகையில், இரண்டு பாதமும் தரையில் பதிய, உட்கார வையுங்கள். தாய் பின்னாலிருந்து இடுப்பை மட்டும் பிடித்தால் போதும். முன்னால் வாளி. சிறிய செம்பை இரண்டு கையாலும் அவனே பிடித்து, முன்னே சாய்ந்து, தண்ணீர் மொண்டு தன் மேல் ஊற்றிக்கொள்ளட்டும். பாதி தண்ணீர் சிந்தும், சிந்தட்டும். உடம்பை நிமிர்த்துவதும், பாரத்தைப் பாதத்துக்குக் கொண்டுவருவதும், இரண்டு கையையும் சேர்த்து இயக்குவதும் அந்த ஒரு செம்பில் அடங்கிவிடுகின்றன. கால்சட்டை மாட்டும்போது விறைத்த கால்களை இழுத்து அகட்டவேண்டாம். முதலில் இடுப்பையும் முழங்காலையும் மடக்கினால் கால்கள் இளகிப் பிரியும். இதைத் தாயின் கையைப் பிடித்துச் செய்துகாட்டுங்கள். வாயால் மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள்.

பார்வை, கேள்விக் குறைபாடுகளை நமக்குச் சம்பந்தமில்லாதவை என்று ஒதுக்குவது நம் துறையில் ஒரு பெரிய குறை. பார்வையில்லாத கைக்குழந்தை தவழாமல் இருப்பதற்குத் தசையில் பலமின்மை காரணமாக இருக்க வேண்டியதில்லை. எட்டிப் பிடிக்க எதிரே எதுவும் தெரியாதபோது அது ஏன் தலையைத் தூக்க வேண்டும்? ஓசையைத் தேடிக் கை நீட்ட அந்தப் பிள்ளைக்கு முதல் ஆண்டின் இறுதி வரைகூட ஆகலாம். வீட்டில் நாள் முழுக்க டிவி ஓடினால் எந்த ஓசை யாருடையது என்று அதற்கு எப்படிப் புரியும்? டிவியை அணைக்கச் சொல்லுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகு தொடச் சொல்லுங்கள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை வந்தால் விழித்திரைப் பரிசோதனை நடந்ததா என்று கேளுங்கள். பிறந்து முப்பது நாளுக்குள் அது நடந்திருக்க வேண்டும்.

காது விஷயத்தில் இன்னும் கவனமாக இருங்கள். கேட்கும் உறுப்பும் சமநிலை உறுப்பும் ஒரே உட்காதில்தான் இருக்கின்றன. பிறவியிலேயே காது கேளாத பிள்ளைகளில் பலருக்குத் தலை நிற்பதும் நடப்பதும் தாமதமாகும், இருட்டில் தடுமாறுவார்கள். "நடக்கல" என்று உங்களிடம் கொண்டுவரும் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்பதை முதலில் கண்டுபிடிப்பது நீங்களாகவே இருக்கலாம். தாமிரபரணியிலும் சிற்றாற்றிலும் கிணற்றிலும் குளித்து வளரும் ஊர் இது. சமநிலை உறுப்பு வேலை செய்யாத பிள்ளை தண்ணீருக்குள் மூழ்கினால் மேல் எது, கீழ் எது என்று தெரியாமல் போகலாம். பெற்றோரிடம் இதைச் சொல்லாமல் அனுப்பாதீர்கள். ஓசை தாங்காமல் காதைப் பொத்திக்கொள்ளும் ஆட்டிசக் குழந்தையை, பயம் தெளியட்டும் என்று அருவிக்குள் இழுத்துப் போவதையும் தடுத்து நிறுத்துங்கள்.

வீடு தேடிப் போய்ச் செய்யும் சிகிச்சைக்கு முன்னோடியைத் தேடி நீங்கள் வெளிநாடு போகவேண்டாம். ஆய்க்குடிக்குப் போங்கள். 1975-இல் கடற்படை அதிகாரி தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தவர் எஸ். ராமகிருஷ்ணன். தமக்கு மறுவாழ்வு சிகிச்சை அளித்த இராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரில் 1981-இல் அமர் சேவா சங்கத்தைச் சொந்த ஊரான ஆய்க்குடியில் தொடங்கினார். தசைச்சிதைவு நோயுடன் வாழும் பட்டயக் கணக்காளர் எஸ். சங்கர ராமன் பின்னர் அவரோடு சேர்ந்தார். 2020-இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. எனக்கு அந்த விருதைவிடப் பெரிதாகப் படுவது அங்கே இன்று நடக்கும் வேலை. கிராமத்துப் பெண்கள் பயிற்சி பெற்றுக் களப்பணியாளராகிறார்கள். கைபேசிச் செயலியோடு வீடு வீடாகப் போகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் இயன்முறை மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் சிறப்பாசிரியரும் நிற்கிறார்கள். சிகிச்சையைப் பெறுபவராக மட்டும் இருக்க மறுத்த இருவர் அந்த நிறுவனத்தை வளர்த்ததால்தான் வீடு தேடிப் போகும் இந்த அணுகுமுறை அங்கே வேரூன்றியது என்று நான் நம்புகிறேன்.

அரசின் ஏற்பாடுகளையும் கையோடு வைத்திருங்கள். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அந்த மையத்துக்கு வழிகாட்டுவதும், அடையாள அட்டைக்கு எங்கே போக வேண்டும் என்று எழுதிக் கொடுப்பதும் உங்கள் வேலைதான்.

தென்காசி தனி மாவட்டமானது 2019-இல். இன்றும் சங்கரன்கோவில், ஆலங்குளம், சிவகிரி கிராமங்களிலிருந்து பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு பஸ் மாறித்தான் தாய்மார்கள் வருகிறார்கள். உங்களில் பலர் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போவீர்கள், நன்றாக இருங்கள். ஆனால் உங்களில் சிலராவது, முதல் இரண்டு ஆண்டுகளாவது, இந்தக் கிராமங்களில் வேலை செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தாய்மார்கள் பஸ் ஏறுவதற்கு முன் நீங்கள் அவர்கள் வீட்டு வாசலில் போய் நில்லுங்கள்.