பதில் சொல்லும் திரை: புதுக்கோட்டை வகுப்பறைகளில் ஊடாடும் கருவிகள் வந்த கதை

மாணவர் ஒன்றைச் செய்தால் பதிலுக்குத் தானும் ஒன்றைச் செய்கிற கருவியே வகுப்பறையில் ஊடாடும் கருவி எனப்படுகிறது. திரையில் உள்ள முக்கோணத்தின் ஒரு முனையை விரலால் இழுத்தால் மூன்று கோணங்களும் மாறுகின்றன. அவற்றின் கூட்டுத்தொகை மட்டும் 180 பாகையை விட்டு நகர்வதில்லை. தவறான விடையைத் தொட்டால், அது தவறு என்று அந்த நொடியிலேயே தெரிந்துவிடுகிறது. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், பள்ளிக்குள் வந்த இயந்திரங்களில் பலவும் தேறாது. அவை பேசின, படம் காட்டின. எதிரே இருந்த பிள்ளைக்குப் புரிந்ததா என்று கேட்க அவற்றுக்கு வழியில்லை.

புதுக்கோட்டைப் பகுதியில் இவற்றில் மூத்தது வானொலி. திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கியபோது புதுக்கோட்டை தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானமாக இருந்தது. 1948 மார்ச்சில் அது இந்தியாவுடன் இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியானது. தனி மாவட்டமானது 1974 ஜனவரி 14 அன்று. வானொலிப் பாடத்துக்கு ஒரே வேகம்தான். முதல் வரிசையில் இருப்பவனுக்கும் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் அதே வேகம், திரும்பக் கேட்க வழியும் கிடையாது. பின்னால் வந்த தொலைக்காட்சி படத்தைச் சேர்த்தது, வேகத்தை மாற்றவில்லை.

இதற்கிடையே அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர் 1960இல் பிளேட்டோ என்ற கணினிவழிக் கற்பித்தல் முறையைத் தொடங்கியிருந்தார். கேள்வி திரையில் வரும், மாணவர் விடையை உள்ளிடுவார், அடுத்து எது வரவேண்டும் என்பதை அந்த விடை தீர்மானிக்கும். 1972இல் வந்த அதன் நான்காம் வடிவத்தில் தொடுதிரையே இருந்தது. தொடுதிரை நேற்று வந்த புதுமை என்று நினைப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். இந்தியப் பள்ளிகளுக்குக் கணினியைக் கொண்டுவரும் முதல் பெரிய முயற்சி 1984-85இல் நடந்த ‘கிளாஸ்’ திட்டம். பிபிசி மைக்ரோ கணினிகள் சில நூறு பள்ளிகளுக்குப் போயின. கணினியைப் பற்றிக் கற்பிப்பதே அங்கு நோக்கமாக இருந்தது. கணினியைக் கொண்டு கணக்கையோ அறிவியலையோ கற்பிப்பது பிறகு வந்த எண்ணம்.

புதுக்கோட்டையின் கல்வி வரலாற்றில் மிகப் புகழ்பெற்ற இயந்திரம் கணினி அன்று, சைக்கிள். 1991இல் முதியோர் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் சூடுபிடித்தபோது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டுவதையும் சேர்த்தார். கல்குவாரிப் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் எழுத்தையும் சைக்கிளையும் ஒரே காலத்தில் கற்றார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதிய பிறகு அச்செய்தி நாடெங்கும் பரவியது. வகுப்பறைக் கணினியோடு இதற்கு நேரடித் தொடர்பில்லை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆயிரக்கணக்கான தொண்டர்களும் ஆசிரியர்களும் கூடி, உள்ளூர்ப் பேச்சில் பாட்டும் நாடகமும் கட்டி, பாடத்தைத் தாங்களே உருவாக்கும் பழக்கம் இந்த மாவட்டத்தில் அப்போது வேரூன்றியது. பின்னாளில் இணையத்தை வைத்து இங்குள்ள ஆசிரியர்கள் செய்தவற்றுக்கு அது ஒரு முன்னோட்டம்.

மின்சாரமே வேண்டாத ஓர் ஊடாடும் முறையும் இடையில் வந்தது. ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளி உருவாக்கிய முறையைத் தழுவி, சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்தவர் எம்.பி. விஜயகுமார். 2007-08 கல்வியாண்டில் அது தமிழகத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. சுவரில் ஏணிப்படம், தட்டில் எண்ணிட்ட அட்டைகள். ஒரு படியை முடித்த பிள்ளை தானே அடுத்த அட்டையை எடுக்கும். தடுமாறினால் அதே படியில் இன்னொரு செயல்பாடு காத்திருக்கும். பிளேட்டோ கணினிக்குள் செய்த வேலை இது, இங்கே அட்டையால் நடந்தது. தரையில் வட்டமாக உட்கார்ந்து அட்டை அடுக்கிய பிள்ளைகளைப் பார்த்து, “பாடமே நடக்கவில்லை” என்று குறைபட்ட பெற்றோர்களும் இருந்தார்கள்.

அதே ஆண்டுகளில் அனைவருக்கும் கல்வி இயக்கம் நடுநிலைப் பள்ளிகளுக்குக் கணினிகளைக் கொடுத்தது. கூடவே பாடக் குறுந்தகடுகள் வந்தன. அவற்றில் பலவற்றை அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை மாநில அரசுகளோடு சேர்ந்து தயாரித்தது. கதை, விளையாட்டு, இழுத்து ஒட்டும் பயிற்சி என்று அவை உண்மையிலேயே ஊடாடின. குறை வேறிடத்தில் இருந்தது. ஆசிரியரால் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது; குறுந்தகட்டில் கீறல் விழுந்தால் பாடமும் போயிற்று. 2004 செப்டம்பர் 20 அன்று கல்விக்கென்றே ஏவப்பட்ட எஜுசாட் செயற்கைக்கோளும் 2010 வரை இயங்கியது. கேள்வி கேட்கும் வசதி அதன் சில முனையங்களில் மட்டுமே இருந்தது. மற்றவை வெறும் தொலைக்காட்சிகளாகவே பயன்பட்டன.

அந்தக் காலத்து ஊடாடும் பாடங்கள் பெரும்பாலும் ஃபிளாஷ் மென்பொருளில் செய்யப்பட்டவை. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31 அன்று ஃபிளாஷுக்கான ஆதரவை நிறுத்தியது. அடுத்த மாதமே உலாவிகளில் அவை ஓடாமல் போயின. உலகெங்கும் இருபதாண்டு உழைப்பு இப்படி முடங்கியது, தமிழில் செய்யப்பட்டவையும் அதில் அடக்கம். அச்சான பாடநூல் நூறாண்டு கழித்தும் திறக்கும் என்பதை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது.

தமிழ் வழிப் பள்ளிக்கு இன்னொரு தடையும் இருந்தது, எழுத்துரு. ஒருவர் பாமினியில் தட்டச்சு செய்த வினாத்தாள், வானவில் மட்டுமே உள்ள கணினியில் பொருளற்ற குறிகளாகத் தெரியும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு தமிழ்99 விசைப்பலகையை வகுத்தது. எந்தக் கணினியிலும் எழுத்து ஒன்றாகவே தெரியச் செய்யும் ஒருங்குறியை (யூனிகோடு) 2010இல் தமிழக அரசு ஏற்றது. மறு ஆண்டு செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளில் பல லட்சம் மேல்நிலை மாணவர் கைகளுக்குக் கணினி போய்ச் சேர்ந்தது. கருவி இருந்தது, எழுத்தும் சரியாயிற்று. இனி, தமிழில் பாடம் எழுதத் தெரிந்த ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள்.

புதுக்கோட்டை தனித்து நிற்பது இந்த இடத்தில்தான். முதன்மைக் கல்வி அலுவலராக இருந்த நா. அருள்முருகனின் ஊக்கத்தில் ஆசிரியர்களுக்கு இணையத் தமிழ்ப் பயிற்சி முகாம்கள் நடந்தன. கவிஞரும் தமிழாசிரியருமான நா. முத்துநிலவனும் நண்பர்களும் கணினித் தமிழ்ச் சங்கமாகக் கூடி அதைத் தொடர்ந்தார்கள். தட்டச்சு, மின்னஞ்சல், வலைப்பூ தொடங்குவது, விக்கிப்பீடியாவில் எழுதுவது என்று பாடத்திட்டம் எளிமையானது. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் பலர் சொந்தமாக வலைப்பூ வைத்து எழுதத் தொடங்கினார்கள். 2015 அக்டோபர் 11 அன்று தமிழ் வலைப்பதிவர் திருவிழா புதுக்கோட்டையில் நடந்தது. அதையொட்டி தமிழ் இணையக் கல்விக்கழகத்தோடு சேர்ந்து மின்தமிழ்க் கட்டுரைப் போட்டிகளும் நடத்தப்பட்டன. அரசு ஆணையால் மட்டும் இப்படி ஒரு கூட்டம் கூடியிருக்காது.

தாங்களே வினாடிவினா செய்ய விரும்பிய ஆசிரியர்களுக்கு அதற்குள் இலவசக் கருவிகள் கிடைத்திருந்தன. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகம் உருவாக்கிய ஹாட் பொட்டேட்டோஸ் மென்பொருளில் பொருத்துக, கோடிட்ட இடம் நிரப்புக போன்ற பயிற்சிகளைச் செய்து, இணையம் இல்லாத கணினியிலும் ஓட்டலாம். கூகுள் படிவத்தில் வினாவை அமைத்தால் எந்தக் கேள்வியில் வகுப்பே சறுக்கியது என்பது வரைபடமாக வந்துவிடும். மார்கஸ் ஹோஹன்வார்ட்டர் 2001இல் சால்ஸ்பர்க்கில் தொடங்கிய ஜியோஜீப்ரா கணக்குக்கு உதவியது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய ஃபெட் மாதிரிகள் அறிவியலுக்கு உதவின. ஃபெட்டின் மின்சுற்று மாதிரியில் ஒரு பல்பைத் தொடராகச் சேர்த்தால் மற்றது மங்குகிறது, கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நகர்வது கண்ணுக்குத் தெரிகிறது. உண்மையான ஆய்வகத்தில்கூட அந்த நகர்வைக் காட்ட முடியாது.

2018இல் வந்த புதிய பாடநூல்கள் இவற்றையெல்லாம் அச்சுப் பக்கத்துக்குள் கொண்டுவந்தன. முதலில் 1, 6, 9, 11ஆம் வகுப்பு நூல்களும் மறு ஆண்டு மற்றவையும் மாறின. பக்க ஓரத்தில் விரைவுக் குறியீடு, பாட முடிவில் ‘இணையச் செயல்பாடு’ என்ற பெட்டி, அதில் படிப்படியான வழிமுறை. குறியீட்டைக் கைபேசியால் பிடித்தால் மத்திய அரசின் தீக்‌ஷா தளத்தில் காணொளி திறக்கும். கணக்கு நூல்களின் பெட்டிகளில் பல ஜியோஜீப்ரா பயிற்சிகளுக்கு வழிகாட்டுபவை. அந்த நூல்களின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தால் விரைவுக் குறியீட்டுக் குழுவில் அரசுப் பள்ளி ஆசிரியர்களின் பெயர்களே வரிசையாக இருக்கும். முன்பு குறுந்தகட்டில் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாதிருந்தவர்கள், இப்போது பாடத்தைச் செய்பவர்களின் பட்டியலில் இருந்தார்கள்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் புதுக்கோட்டையைப் புரட்டிப் போட்டது. கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடிப் பக்கம் தென்னந்தோப்புகளோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. பாடநூலில் குறியீடு இருந்தது, அதைத் திறக்கக் கைபேசியில் சார்ஜ் இல்லை.

அடுத்து வந்த கொரோனா முடக்கம் வேறொரு சோதனை. 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி வீடுகளுக்குப் பாடத்தைக் கொண்டுசென்றது, ஆனால் வானொலிக் காலத்தின் ஒருவழிப் பாதையில்தான். வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடம் அனுப்பிய ஆசிரியர்களுக்குப் பதில் வந்தது, கைபேசி உள்ள வீடுகளிலிருந்து மட்டும். அந்த இடைவெளியை நிரப்ப 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் தெருவிலும் திண்ணையிலும் பிள்ளைகளைக் கூட்டினார்கள். அறிவொளி நடந்த மாவட்டத்துக்கு அது பழகிய காட்சி.

கருவிகள் மொத்தமாக வந்தது அதன் பிறகு. மாநிலம் முழுவதும் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஏற்கெனவே ‘ஹைடெக் லேப்’ என்ற கணினி ஆய்வகம் இருந்தது. 2023 ஜூலையில் 1 முதல் 12ஆம் வகுப்பு வரைக்குமான மணற்கேணி செயலி வெளியாயிற்று. 2024இல் தொடக்கப் பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகளை அமைக்கும் பணி தொடங்கியது. தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு 80 ஆயிரத்தை ஒட்டிய எண்ணிக்கையில் கைக்கணினிகள் கொடுக்கப்பட்டன. அரசுத் திட்டம் வருமுன்பே ஊர்மக்கள் பங்களிப்போடு குளிரூட்டிய வகுப்பறையும் நவீனத் திரையும் அமைத்துக்கொண்ட பள்ளிகளும் உண்டு. அறந்தாங்கிப் பகுதியின் பச்சலூர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி அப்படிப் பேர் வாங்கியது.

இக்கருவிகளின் வரவால் ஆசிரியரின் வேலை குறைந்துவிடவில்லை. வருகைப் பதிவு, மதிப்பீடு, நலத்திட்ட விவரம் எல்லாம் அதே கைக்கணினியில் ஏற்ற வேண்டியவை. பாடத்துக்கென்று வந்த கருவி பதிவேடாகவும் ஆகிவிட்டது. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கப்படுகிறார்கள். எந்தப் பிள்ளை எந்த நிலை என்பதைச் செயலி வழியே நடக்கும் மதிப்பீடு சொல்கிறது.

ஈராசிரியர் பள்ளிகளில்தான் தொடுதிரைக்கு உண்மையான வேலை இருக்கிறது. ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் பார்க்கும் இடத்தில், மூன்றாம் வகுப்பு திரையில் எண்களை இழுத்துப் பொருத்திக்கொண்டிருக்க, ஆசிரியர் ஒன்றாம் வகுப்புக்கு உயிரெழுத்து எழுதக் கற்றுக்கொடுக்க முடிகிறது. திரை ஒன்றுதான் என்பதால் பிள்ளைகள் முறைவைத்து எழுந்து வந்து தொடுகிறார்கள். விடை தவறினால் உட்கார்ந்திருப்பவர்கள் குரல் கொடுக்கிறார்கள். அடுத்த பிள்ளை எழுந்து போகிறது.